ஃபிலிமுக்குச் செம்பருத்தி என்ன நிறம்?

வீட்டுப் பரணிலிருந்து பழைய கேமரா ஒன்று இறங்கி வந்தால், முதல் ரோலில் பாதி பூக்களுக்குத்தான் போகும். பூ ஓடாது, கண் சிமிட்டாது, "நான் நல்லா விழலை, இன்னொண்ணு எடு" என்று கேட்காது. வாசலிலேயே இருக்கிறது. ரோலைக் கழுவி வாங்கிப் பார்க்கும்போதுதான் முகம் சுருங்கும். நடுவில் எங்கோ ஒரு சிவப்புப் பொட்டு, சுற்றிலும் இலை, மதில், துணிக்கொடி. கறுப்பு வெள்ளை ரோலாக இருந்துவிட்டால் பூ எங்கே என்றே தேட வேண்டும். செல்போனில் இதைவிட நன்றாக வந்திருக்குமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

அவர்கள் சொல்வது நியாயம். இருக்கிற பூவை இருக்கிறபடி காட்டுவதில் செல்போனோடு மல்லுக்கு நின்று ஃபிலிமால் ஜெயிக்க முடியாது. ஆனால் ஃபிலிமின் கண் வேறு மாதிரியானது. சில நிறங்கள் அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியாத சில அதற்குத் தெரியும். ஒரு தடவை பார்த்ததன் மேலேயே இன்னொன்றையும் பார்த்து வைத்துக்கொள்ளும். இந்தக் கோளாறுகளைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற பூவை அதன் முன்னால் நிறுத்துவதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

முதலில் அந்தச் சிவப்புப் பொட்டை ஒரு வழி செய்வோம். பழைய எஸ்எல்ஆர் கேமராவோடு வரும் 50 மி.மீ. லென்ஸ் பெரும்பாலும் 45 செ.மீ. வரைதான் நெருங்க விடும். அந்தத் தூரத்தில் ஃபிரேமின் நீளவாட்டில் ஏறக்குறைய 24 செ.மீ. இடம் அடங்கும். நன்றாக விரிந்த செம்பருத்திகூட அதில் பாதியை நிரப்பாது. இன்னும் நெருங்கச் சில வழிகள் உண்டு. ஃபில்டர் மாதிரி லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ளும் குளோசப் லென்ஸ் மலிவு. அதில் +4 என்று போட்டிருந்தால், லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்தாலும் 25 செ.மீ.யில் ஃபோகஸ் ஆகும். எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் குழாய். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுவது. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் மாட்டினால் பூ ஃபிலிமில் தன் நிஜ அளவிலேயே விழும். வெளிச்சம் 2 ஸ்டாப் குறையும், அதாவது நாலில் ஒரு பங்காகிவிடும். லென்ஸ் வழியாக அளக்கும் மீட்டர் இருந்தால் அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. ரிவர்ஸ் ரிங் என்று ஒரு வளையம் கிடைக்கிறது. அதைக் கொண்டு அதே 50 மி.மீ. லென்ஸைப் பின்பக்கம் முன்பக்கமாகத் திருப்பி மாட்டிவிடலாம். ஏறக்குறைய 5 செ.மீ. அகலம் ஃபிரேமை நிரப்பும். பழைய லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருப்பதால் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். புதிய லென்ஸ்களில் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை.

இவ்வளவு நெருங்கிய பிறகுதான் உண்மையான முடிவெடுக்க வேண்டிவரும். நிஜ அளவில் எடுக்கும்போது எஃப் 16 வைத்தாலும் தெளிவாக விழுவது 2 மி.மீ. ஆழம்தான். செம்பருத்தியின் நடுவிலிருந்து நீளும் தண்டைப் பாருங்கள். அதன் நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டுகள், தொட்டால் வெல்வெட். கொஞ்சம் கீழே மஞ்சள் மகரந்தம் சுற்றிலும் அப்பிக்கொண்டிருக்கும். நேருக்கு நேர் நின்று எடுத்தால் இரண்டும் சேர்ந்து தெளிவாக வராது. பொட்டுகளுக்குக் கொடுத்தால் மகரந்தம் மஞ்சள் புகையாகும். மகரந்தத்துக்குக் கொடுத்தால் முன்னால் சிவப்பாக ஏதோ மங்கலாக நிற்கும். பக்கவாட்டில் திரும்பி எடுத்தால் இரண்டும் கிடைக்கும், இதழ்கள் போய்விடும். எது வேண்டும் என்று பொத்தானை அமுக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். இந்த நெருக்கத்தில் ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு உடம்பை நூலளவு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், தெளிவு தானாக வந்து நிற்கும். காற்று அடிக்காத விடியற்காலை நல்லது. இல்லையென்றால் யாரையாவது குடை பிடித்து நிற்கச் சொல்லுங்கள்.

இப்படி நெருங்கிப் பார்த்தே பேர் வாங்கியவர்கள் உண்டு. பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியராக இருந்த கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட், மாணவர்களுக்கு அலங்கார வடிவங்களைக் கற்றுத்தரச் செடிகளைப் படமெடுக்கத் தொடங்கினார். கேமரா அவரே செய்துகொண்டது. பின்னால் ஓர் அட்டை, ஜன்னல் வெளிச்சம், அவ்வளவுதான். சில படங்களில் மொட்டையும் முளையையும் 30 மடங்கு வரை பெரிதாக்கியிருக்கிறார். அவற்றைத் தொகுத்த புத்தகம் 1928-ல் வந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் கதை வேறு. 1920-களில் மூன்று சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு வீட்டை விட்டு நகர முடியாத நிலை. தோட்டத்தில் இருந்ததை எடுத்தார். 1925-ஐ ஒட்டி அவர் எடுத்த மக்னோலியாப் பூ இன்றும் கலைக்கூடங்களில் தொங்குகிறது.

கோடக் கேபி 10 மாதிரியான கேமராதான் கையில் இருக்கிறது என்றால் இந்த நெருக்கத்துக்கெல்லாம் ஆசைப்பட வேண்டாம். ஒரு மீட்டருக்குள் வரும் எதுவும் மங்கல். அதைத் தூக்கிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். தோவாளையிலோ மாட்டுத்தாவணியிலோ சாமந்திக் குவியலுக்கு அந்தக் கேமரா தாராளமாகப் போதும்.

இனி நிறத்துக்கு வருவோம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் செம்பருத்தி ஏன் காணாமல் போகிறது? பூவின் சிவப்பும் இலையின் பச்சையும் நமக்கு ஒன்றோடொன்று சண்டை போடும் நிறங்கள். இல்ஃபோர்டு ஹெச்பி5 மாதிரியான சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல். பிரித்துக் காட்ட ஃபில்டர் வேண்டும். சிவப்பு ஃபில்டர் சிவப்பை விடும், பச்சையைத் தடுக்கும். பூ வெளுத்து, இலை இருண்டுபோகும். பச்சை ஃபில்டர் போட்டால் தலைகீழ். அடர் சிவப்பு ஃபில்டர் 3 ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும், பச்சை 2 ஸ்டாப். ஃபில்டர் வழியாகப் பார்க்கும்போது சில பழைய மீட்டர்கள் ஏமாந்துவிடும். ஃபில்டர் போடாமல் அளந்துவிட்டு இந்தக் கணக்கைக் கையால் சேர்ப்பதே உத்தமம்.

மூன்றாவதாக ஒரு செம்பருத்தியும் உண்டு. அந்தக் காலத்து ஃபிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நீலத்தைத் தவிர ஏறக்குறைய எதுவும் தெரியாது. 1873-ல் ஹெர்மான் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர், சில சாயங்களைக் கலந்தால் பச்சையும் தெரிய ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்தார். சிவப்பு தெரிய இன்னும் காலம் பிடித்தது. அந்த இடைக்கால ஃபிலிமின் வாரிசுதான் ஆர்த்தோ. சிவப்பு அதற்குச் சுத்தமாகத் தெரியாது. இல்ஃபோர்டு தன் ஆர்த்தோ பிளஸ் ஃபிலிமை 2019-ல் ரோலாகவும் கொண்டுவந்தது. இதில் செம்பருத்தியை எடுத்தால் இதழ் கரிக்கறுப்பாக விழும். மகரந்தத்தின் மஞ்சளில் இருக்கும் பச்சைப் பங்கு மட்டும் பதிந்து, கறுப்பின் முன்னால் பொடிப்பொடியாக மினுங்கும். ஒரே பூ, ஒரே காலை. சிவப்பு ஃபில்டரில் வெள்ளை, ஃபில்டர் இல்லாமல் சாம்பல், ஆர்த்தோவில் கறுப்பு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாட்டினால் பார்ப்பவர் மூன்று செடி என்பார். சங்குப் பூவின் நீலம் ஆர்த்தோவில் வெளுத்துப் போகும். அதையும் இதையும் ஒரே ஃபிரேமில் வைத்துப் பாருங்கள்.

ஃபிலிமுக்குத் தெரியாதது இருக்கட்டும், நமக்குத் தெரியாததை அது பார்ப்பதும் உண்டு. இன்ஃப்ரா ரெட் ஃபிலிமைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரோலெய் நிறுவனத்தின் இன்ஃப்ரா ரெட் 400 போன்ற ஃபிலிமில் ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும் ஃபில்டரைப் போட்டு வெயிலில் எடுத்தால் இலைகள் வெள்ளையாகும், வானம் இருளும். ஃபில்டர் வெளிச்சத்தை அவ்வளவு விழுங்குவதால் ஐஎஸ்ஓ 12 அல்லது 6 என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், ஸ்டாண்டு இல்லாமல் நடக்காது. பலரும் இதைப் பூவுக்குச் சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இதழ்களும் இன்ஃப்ரா ரெட்டை நன்றாகத் திருப்பி அனுப்புபவை என்பதால் பூவும் வெள்ளை, இலையும் வெள்ளை, எல்லாம் ஒரே கஞ்சி. சரக்கொன்றை மாதிரி மரம் முழுக்கத் தொங்குவதைக் கீழே நின்று வானத்தைப் பின்னால் வைத்து எடுத்தால் மட்டும் தேறும்.

சாதாரண கலர் ஃபிலிமிலேயே இதைவிடச் சுவையான ஒன்று நடக்கிறது. பூங்காப் பாத்திகளில் ஓர வரிசையாக வைக்கும் அஜெரேட்டம் என்ற குட்டைச் செடியின் பூ நம் கண்ணுக்கு நீலம். கலர் ஃபிலிமில் எடுத்தால் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக விழும். லேப்பின் தவறு இல்லை. அந்தப் பூ நீலத்தோடு, சிவப்பின் கடைக்கோடியில் நம் கண் பார்க்கத் தவறும் வெளிச்சத்தையும் நிறையத் திருப்பி அனுப்புகிறது. ஃபிலிமின் சிவப்பு அடுக்கு நம் கண்ணைவிட அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக எட்டிப் பார்க்கும். அதனால் நமக்குத் தெரியாத சிவப்பு அதில் ஏறிவிடுகிறது. இதற்கு ‘அஜெரேட்டம் விளைவு’ என்றே பெயர். மார்னிங் குளோரியின் நீல வகையிலும் இதைப் பார்க்கலாம். டிஜிட்டல் கேமராக்களில் அந்த வெளிச்சத்தைத் தடுக்க சென்ஸாருக்கு முன்னாலேயே ஒரு ஃபில்டர் வைத்துவிடுகிறார்கள். அதனால் இந்த வேடிக்கை அங்கே அவ்வளவாக இல்லை.

பூங்கா என்றதும் ஊட்டி நினைவுக்கு வருகிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும் அதே ஊரில்தான் ஃபிலிமும் தயாரானது. 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டது. ஆலை மூடிக் காலமாகிவிட்டது. எக்ஸ்ரே என்றால் டெயின் டாஸ்கரையும் சொல்லியாக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே டாக்டர். 1930-களில் பூக்களை எக்ஸ்ரே எடுத்தார். லில்லியின் இதழ்கள் கண்ணாடியாகி, உள்ளிருக்கும் கேசரங்கள் வெளியே தெரியும்.

இரவுக்கு வருவோம். பிரம்ம கமலம் வீட்டில் இருக்கிறதா? நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். மொட்டு நாள்கணக்கில் தலைகீழாக வளைந்து தொங்கும். பூக்கப்போகும் அன்று சாயங்காலம் கொஞ்சம் நிமிர்ந்து, வாய் லேசாகத் திறக்கும். இருட்டிய பிறகு விரிய ஆரம்பித்து நள்ளிரவை ஒட்டி முழுதாக மலர்ந்து, விடிவதற்குள் துவண்டுவிடும். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள், ஒருவர் விளக்கேற்றுவார், எல்லாரும் செல்போனை நீட்டுவார்கள். அந்தப் படங்களில் இருப்பது அந்த ஒரு நொடிதான். ஃபிலிமில் அந்த இரவையே ஒரு ஃபிரேமுக்குள் போடலாம்.

கேமராவை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பூவுக்கு ஒரு மீட்டர் பின்னால் கறுப்புத் துணி, அதில் சுருக்கம் விழக்கூடாது. வீட்டு விளக்குகளை அணைத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு டார்ச், அதன் முன்னால் ட்ரேசிங் பேப்பர். கலர் ஃபிலிம் என்றால் வெள்ளை எல்இடி டார்ச் எடுங்கள், பழைய மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் ஆரஞ்சாக்கிவிடும். மீட்டரைப் பூவின் பக்கம் காட்டாதீர்கள். பின்னாலிருக்கும் கறுப்பைப் பார்த்து அது பயந்து வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லும், இதழ் வெந்துபோகும். பூ இருக்கும் இடத்தில் உங்கள் உள்ளங்கையைக் காட்டி அளந்து, அதற்கு மேல் 1 ஸ்டாப் கூட்டுங்கள். நம் சருமம் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கை, மீட்டர் எதிர்பார்க்கும் சாம்பலைவிட ஏறக்குறைய 1 ஸ்டாப் வெளுப்பு.

நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஃபிலிமுக்குக் களைப்பு வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளிச்சம் மிக மெதுவாக வந்தால் அதைப் பதியும் வேகம் குறைந்துவிடுகிறது. ஹெச்பி5-க்கு மீட்டர் 4 வினாடி என்றால் 6, 10 என்றால் 20, 30 என்றால் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இல்ஃபோர்டு கொடுத்திருக்கும் கணக்குதான் இது. ஷட்டரை ‘பி’-யில் வைத்து கேபிளால் திறந்து மூடுங்கள்.

எட்டு மணிக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என மூன்றையும் ஒரே ஃபிரேமில் எடுக்க வேண்டும். நிக்கான் எஃப்எம்2, விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த எஃப்எம்10 இவற்றில் ஃபிலிமை நகர்த்தாமல் ஷட்டரை மட்டும் ஏற்றும் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கிறது. அது இல்லாத கேமராவில், ரீவைண்டு பிடியை மெல்லச் சுற்றி ஃபிலிமின் தொய்வை எடுத்துவிட்டு, அடியிலிருக்கும் ரீவைண்டு பொத்தானை அமுக்கியபடி லீவரை இழுக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. நகரலாம். வெளிச்சம் ஒன்றோடொன்று கூடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள், அதாவது ஒன்றரை ஸ்டாப் குறைத்து. கறுப்புத் துணி ஃபிலிமில் பதியாது. மொட்டு, பாதி விரிந்தது, முழுதாக மலர்ந்தது என மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். நடு மட்டும் மூன்று பங்கும் வாங்கி நன்றாக ஒளிரும், வெளி இதழ்கள் கடைசி ஒரு பங்கில் ஆவி மாதிரி நிற்கும். வெளி இதழ் தெளிவாக வேண்டும் என்பவர்கள் கடைசிக்கு அதிகம் கொடுங்கள். ஸ்டாண்டைத் தட்டிவிடும் குழந்தைகளை என்ன செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

காலையில் துவண்ட பூவையும் விட்டுவிட வேண்டாம். வோக் பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழ்களுக்காக 1967 முதல் சில ஆண்டுகள் வருடத்துக்கு ஒரு பூ என்று எடுத்த இர்விங் பென், உச்சம் தாண்டி வாடத் தொடங்கிய பூக்களைத்தான் அதிகம் விரும்பினார்.

பகலிலும் இரட்டைப் பதிவு செய்யலாம். விதி ஒன்றுதான். முதல் தடவை எங்கே இருட்டாக இருந்ததோ அங்கேதான் இரண்டாவது படம் ஏறும். வெளுத்த இடம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது, அங்கே எதுவும் தெரியாது. அதனால் வெள்ளை வானத்தின் முன்னால் ஒருவரைப் பக்கவாட்டாக நிறுத்தி, வானத்தை அளந்து அதற்கு மேல் 1 ஸ்டாப் கூட்டி எடுங்கள். முகம் கறுப்பு நிழலாக விழும். பிறகு அதே ஃபிரேமில் சாமந்திக் குவியலை ஃபிரேம் நிறைய எடுங்கள். பூக்கள் முகத்துக்குள் மட்டும் வந்து உட்காரும். பாட்டியின் முகத்துக்குள் அவர் கட்டும் கதம்பத்தை வைக்கலாம்.

இன்னும் துணிச்சல் இருந்தால் முழு ரோலையும் பணயம் வைக்கலாம். 400 ஃபிலிமுக்கு ஐஎஸ்ஓ 800 என்று வைத்து 36 ஃபிரேமும் பூ எடுங்கள். ரோலை மாட்டும்போதே ஃபிலிம் நுனி எந்தப் பல்லில் உட்கார்ந்தது என்று பேனாவால் குறித்துவிடுங்கள். முடித்ததும் நுனி வெளியே இருக்கும்படி ரீவைண்டு செய்து, ரோலை நண்பரிடம் கொடுங்கள். அவர் அதே குறியில் மாட்டி, அதே 800-ல் தெருவை எடுக்கட்டும். எந்தப் பூ எந்த பஸ்ஸின் மேல் விழும் என்று இருவருக்குமே தெரியாது. பாதிக்குமேல் குப்பையாக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னச் சின்ன வித்தைகள் இன்னும் இருக்கின்றன. லென்ஸைக் கழற்றிக் கையில் பிடித்து, கேமராவின் வாயருகே கொஞ்சம் சாய்த்து எடுத்தால், பூவின் ஒரு கீற்று மட்டும் தெளிவாகி மற்றதெல்லாம் கரைந்து ஓடும். எஸ்எல்ஆரில் ஷட்டர் திரை மூடியிருப்பதால் லென்ஸைக் கழற்றினாலும் ஃபிலிம் கெடாது. ஆனால் தூசி உள்ளே போகும். ரோலை எலுமிச்சைச் சாற்றிலும் சோப்புத் தண்ணீரிலும் ஊறப்போட்டு நிறத்தைக் குலைக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்படி ஊறிய ரோலைச் சொல்லாமல் லேப்பில் கொடுக்காதீர்கள், அவர்களுடைய கெமிக்கலும் அடுத்தவர் கல்யாண ரோலும் சேர்ந்து கெடும். அதைவிடக் கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே காப்பியில் கழுவலாம். கேலி இல்லை. சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காப்பித்தூள், வாஷிங் சோடா, வைட்டமின் சி மூன்றும் சேர்ந்தால் டெவலப்பர். 1995-ல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் ஒரு கல்லூரி வகுப்பில் பிறந்த யோசனை, கேஃபனால் என்று பெயர். வாசனையைக் காப்பிப் பிரியர்கள் தாங்க மாட்டார்கள்.

தாவரமே டெவலப்பராகும் வித்தையும் உண்டு. கரேல் டோயிங் என்ற கலைஞர் அதற்கு ஃபைட்டோகிராம் என்று பெயர் வைத்தார். இலைகளையும் இதழ்களையும் வாஷிங் சோடாவும் வைட்டமின் சி-யும் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, காலாவதியான கறுப்பு வெள்ளை ஃபிலிமின் மேல் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். தாவரத்துக்குள் இருக்கும் ஃபீனால்கள் ஃபிலிமோடு வேலை செய்து நரம்பு நரம்பாகப் படத்தை வரைந்துவிடும். அதற்குப் பிறகு ஃபிக்ஸர் மட்டும் போதும். கேமராவே வேண்டாம்.

எப்படி எடுத்தாலும் லேப்பில் ரோலைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் எழுதிக் கொடுங்கள். இரட்டைப் பதிவு இருந்தால் ஃபிரேம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர்களுக்குப் புரியாது, நடுவில் வெட்டிவிடுவார்கள். அதனால் ‘வெட்ட வேண்டாம், முழு நீளமாகச் சுருட்டிக் கொடுங்கள்’ என்று முதலாவது. ‘ஸ்கேன் செய்யும்போது கலரைத் திருத்த வேண்டாம்’ என்று இரண்டாவது. அங்கே ஸ்கேனரிடம் உட்கார்ந்திருக்கும் தம்பி நல்ல எண்ணத்தோடுதான் இருப்பார். உங்கள் ஊதா அஜெரேட்டத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு என்று நினைத்து, இரண்டு பொத்தானைத் தட்டி அழகாக நீலமாக்கிக் கொடுத்துவிடுவார்.